“எங்களைக் கட்டிப்போட கல்யாணம் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?”

கேள்வி கேட்டவர் கோவையில் இருக்கும் 31 வயது ஆண். நான்கு வருடமாகத் தன் ஆண் துணைவரோடு ஒரே வீட்டில் இருக்கிறார். வீட்டு ஓனருக்கும் அக்கம்பக்கத்துக்கும் இருவரும் ரூம்மேட்ஸ். இரண்டு குடும்பத்திலும் விஷயம் தெரிந்த ஒரே ஆள் இவருடைய அக்கா. ஞாயிறு சாயங்காலம் துணைவரின் அம்மா போன் செய்துவிட்டு வைத்ததும் ஒரு சண்டை, மாதக் கடைசியில் பணத்தை வைத்து இன்னொரு சண்டை. அக்காவிடம் புலம்பியபோது அவர் சொன்னாராம்: “நானும் உன் மாமாவும்தான் தினம் அடிச்சுக்கிறோம். ஆனா எங்களைக் கட்டிப்போட கல்யாணம்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?” அன்றிலிருந்து இவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஆண்-பெண் ஜோடிகளைவிட எங்களைப் போன்றவர்களின் உறவு இயல்பிலேயே பலவீனமானதா, எங்களுக்கென்று தனிப் பிரச்சினைகள் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்களிடமே ஏதோ கோளாறா என்பது ஒன்று. வெளியிலிருந்து எங்களைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத நிலையில் நாங்கள் நிலைப்போமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. இரண்டாவதற்குத்தான் நீளமாகப் பேச வேண்டும்.

நான் சென்னையில் பதினேழு வருடமாக ஜோடிகளுக்கு ஆலோசனை கொடுத்து வருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கணவன்-மனைவிகள். தன்பால் ஜோடிகள் முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவு வழக்கில், தன்பால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்ன பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் பீஸ் கட்ட முடிந்தவர்கள், நகரத்தில் இருப்பவர்கள், சண்டையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள். சந்தோஷமாக இருக்கிற ஜோடி என் வாசலை மிதிப்பதில்லை, கிராமத்தில் மாட்டிக்கொண்டிருப்பவரும் வர முடிவதில்லை. ஆகவே நான் பார்த்ததை வைத்து ஊரே இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே வரும் ஜோடிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒஹையோவைச் சேர்ந்த லாரன்ஸ் குர்டெக் என்ற உளவியலாளர் ஆண்-ஆண், பெண்-பெண், ஆண்-பெண் ஜோடிகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து, எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டார். யார் கை ஓங்குவது, எவ்வளவு நெருக்கம் போதும், ஒருவருடைய கெட்ட பழக்கம், நம்பிக்கையின்மை, சேர்ந்திருக்க நேரமில்லாதது என்று மூன்று வகை ஜோடிகளும் கொடுத்த பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 12 வருடம் தன்பால் ஜோடிகளைக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கொஞ்சம் சுவாரசியமானது. சண்டையைத் தொடங்கும் விதத்தில் தன்பால் ஜோடிகள் சற்று மென்மையாக இருந்தார்கள். அதட்டல் குறைவு, கேலியும் சிரிப்பும் கூட. அவர்கள் பார்த்த ஜோடிகளின் எண்ணிக்கை சில டஜன்கள்தான், பெரும்பாலும் படித்த அமெரிக்கர்கள். அந்த மென்மை கோவைக்கும் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன்பால் உறவு என்பதாலேயே உள்ளே ஏதோ ஓட்டை இருக்கும் என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை.

இன்னொன்று. கணவன்-மனைவி சண்டையில் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி இது: ஒருவர் “பேசு, பேசு” என்று துரத்துவார், இன்னொருவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். துரத்துவது பெண், ஓடுவது ஆண் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். தன்பால் ஜோடிகளிலும் அதே துரத்தல், அதே ஓட்டம்தான். வீட்டில் எது மாற வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் துரத்துகிறார். இருக்கிறபடியே இருந்தால் யாருக்கு வசதியோ அவர் ஓடுகிறார். நம் வீடுகளில் பெண்கள் அதிகம் துரத்துவதற்குக் காரணமும் அதுவே. மாற வேண்டியது அவர்களுக்குத்தானே நிறைய இருக்கிறது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். அந்த 97 நிமிடமும் வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் கணக்கு. செய்யாதவர்கள் அந்தச் சராசரியில் வரவே மாட்டார்கள்.

சரி, உள்ளே நடக்கும் சண்டை ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே? இரண்டு வீடுகளைச் சொல்கிறேன்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு கணவன்-மனைவி, இருவரும் ஐடி. தினமும் ராத்திரி ஒன்பதரைக்குக் கணவரின் அம்மா ஊரிலிருந்து போன் செய்வார். அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு பேசுவார். மனைவி ஹாலில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். “அவங்க அம்மாகூடப் பேசறது தப்பில்ல மேடம். அந்தக் கதவை ஏன் சாத்தணும்?” என்றுதான் அந்தப் பெண் என்னிடம் ஆரம்பித்தார். சண்டை முற்றியபோது என்ன நடந்தது தெரியுமா? ஒரு சனிக்கிழமை இரண்டு பக்கத்திலிருந்தும் பதினோரு பேர் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, கல்யாணத்தைப் பேசி முடித்த ஒரு தூரத்து உறவு. நாலு மணி நேரம் பேசினார்கள். சீர் பற்றிப் பேசினார்கள், உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்பில் யாரை முதலில் கூப்பிடவில்லை என்று பேசினார்கள், இன்னும் ஏன் விசேஷம் ஒன்றும் இல்லை என்றுகூடக் கேட்டார்கள். பால்கனிக் கதவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு வீடு இரண்டு பெண்களுடையது. ஒருவர் கல்லூரி ஆசிரியை, இன்னொருவர் லேப் டெக்னீஷியன், ஆறு வருடமாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரே படுக்கையறை போதும், ஆனால் இரண்டு கட்டில் வாங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டாவது கட்டில் துணி மடித்து வைக்க. மூத்தவரின் அம்மா ஊரிலிருந்து வரும்போது மட்டும் அதிலுள்ள துணியை அள்ளிவிட்டு விரிப்பு போடுவார்கள். சுவரிலிருக்கும் போட்டோ பரணுக்குப் போகும். ஒருமுறை அம்மா பஸ் ஏறிப் போன பிறகும் இளையவர் விரிப்பை எடுக்கவில்லை. நாலு நாள் அந்தக் கட்டிலிலேயே படுத்தார். மூத்தவருக்கு அது புரியவில்லை. “அம்மாதான் போயாச்சே, இன்னும் என்ன?” என்று கேட்டிருக்கிறார். என் அறையில் முதல் முக்கால் மணி நேரம் அவர்கள் பேசியது கேஸ் சிலிண்டர் யார் புக் பண்ணுவது என்பது பற்றி. அவர்கள் மூன்றாவது தடவை வந்தபோதுதான் கட்டில் கதை வெளியே வந்தது.

அந்த வீட்டுக்குப் பஞ்சாயத்து பேச ஒருவரும் வரவில்லை. வர யாரும் இல்லை. என் அனுபவத்தில் நம் ஊரில் இருக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான். கணவன்-மனைவிக்கு நடுவில் ஆள் கூட்டம் அதிகம், தன்பால் ஜோடிக்கு நடுவிலும் யாரும் இல்லை, சுற்றிலும் யாரும் இல்லை. கூட்டத்தால் மூச்சு முட்டுகிறது என்பது உண்மை. வேளச்சேரிப் பெண்ணைக் கேட்டால் சொல்வார். ஆனால் அந்தக் கூட்டமே, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவரைப் பத்தாம் நாள் பஸ் ஏற்றித் திருப்பியும் அனுப்புகிறது. ‘எதுக்கும் ஒருதரம் பேசிப் பாருங்க’ என்று சொல்ல ஒரு அத்தையாவது இருப்பார். (அந்த அத்தைகளே அடி வாங்குகிற பெண்ணையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.) உங்களுக்குச் சண்டை வந்தால் உங்கள் அக்கா ஒருவர். உங்கள் துணைவருக்கு அந்த ஒருவரும் இல்லை.

உங்கள் அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மைக்கேல் ரோசன்ஃபெல்ட் அமெரிக்காவில் சுமார் 3000 ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்து 2014இல் எழுதினார். அவர்களில் 400க்கும் மேற்பட்டவை தன்பால் ஜோடிகள். மேலோட்டமாகப் பார்த்தால் தன்பால் ஜோடிகள் அதிகம் பிரிவதுபோல் தோன்றும். திருமணமோ அதற்கு நிகரான ஏற்பாடோ உள்ளவர்களை, அதேபோல் உள்ள ஆண்-பெண் ஜோடிகளோடு வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அதாவது பிரிவைத் தீர்மானிப்பது யார் யாரை விரும்புகிறார் என்பதல்ல. ஆனால் திருமணம்தான் அவர்களைச் சேர்த்து வைத்ததா, இல்லை சேர்ந்திருக்க உறுதியாக முடிவெடுத்தவர்கள்தான் திருமணம் செய்துகொண்டார்களா என்பதை இந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் ஊகம். நெதர்லாந்தில் 2001 ஏப்ரல் முதல் தன்பால் திருமணம் சட்டப்படி நடக்கிறது. அங்கே பெண்-பெண் ஜோடிகள் ஆண்-ஆண் ஜோடிகளைவிட அதிகம் விவாகரத்து செய்கிறார்கள் என்பது அரசுக் கணக்கு. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். ஆண்-பெண் தம்பதிகளிலும் விவாகரத்தை முதலில் கேட்பது பெரும்பாலும் பெண்தான் என்ற விளக்கம் எனக்கு ஓரளவு ஏற்கும்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணம் கட்டிப்போடுகிறது என்று உங்கள் அக்கா சொல்வதில் ஒன்றை மறந்துவிட்டார். இதே தமிழ்நாட்டில் சட்டம் ஏற்காத கல்யாணத்தோடு ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஐயர் இல்லாமல், தீ வளர்க்காமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதல்வரான 1967இல் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் முன்பு நடந்தவையும் சேர்ந்து செல்லுபடியாயின. அதுவரை அந்தத் தம்பதிகளைச் சேர்த்துப் பிடித்தது சட்டம் இல்லை. ஆனால் அவர்களுக்கு மேடை இருந்தது, மாலை இருந்தது, தலைமை தாங்க ஒரு தலைவர் இருந்தார், சாப்பிட்டுவிட்டுப் போன நூறு பேர் சாட்சி. உங்களுக்கு இன்று சட்டமும் இல்லை, அந்த நூறு பேரும் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்றும் தன்பால் திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் சொல்லிவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணை அவர் குடும்பத்தின் பிடியிலிருந்து விடுவித்த வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதியது. ஆறுதலான வரிதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அந்த வரியை நீட்ட முடியாது.

உங்களுக்கென்று தனிப் பிரச்சினை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அதன் பெயர் மறைத்தல். இலான் மேயர் என்ற ஆய்வாளர் சிறுபான்மை மன அழுத்தம் என்று ஒன்றைப் பேசினார். எல்லோருக்கும் இருக்கும் வாழ்க்கைக் கவலைகளுக்கு மேல், யாருக்காவது தெரிந்துவிடுமோ, தெரிந்தால் என்ன செய்வார்களோ என்று சதா காவல் காப்பதில் செலவாகும் சக்தி. நான் பார்த்த வரை, மறைப்பது என்பதைவிட, இருவரும் ஒரே அளவில் மறைக்காததுதான் ஜோடியை உடைக்கிறது. ஒருவர் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார், இன்னொருவர் செல்போனில் துணைவரின் பெயரைக்கூட மாற்றிப் பதிந்திருப்பார். முன்னவருக்கு ‘என்னைப் பார்த்து வெட்கப்படுகிறான்’ என்று படும். பின்னவருக்கு ‘என் கஷ்டம் இவனுக்குப் புரியவில்லை’ என்று படும். அந்த இரண்டு கட்டில் வீட்டில் நடந்தது அதுதான். அம்மாவுக்கு முன்னால் நடித்தது இளையவரை அவ்வளவு வலிக்கச் செய்யவில்லை. அம்மா போன பிறகு மூத்தவர் ஒன்றுமே நடக்காததுபோல் போட்டோவை மாட்டினாரே, அதுதான் வலித்தது.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் என்னிடம் வந்த ஆண் ஜோடியிடம், சுற்றி வளைத்து, “வீட்டில் யார் கணவன் மாதிரி, யார் மனைவி மாதிரி?” என்ற அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டு, “மேடம், எங்க வீட்ல தோசை நான் சுடுவேன், பல்பு அவன் மாட்டுவான், பாத்ரூம் யாரும் கழுவ மாட்டோம்” என்றார். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. வேலைப் பங்கீட்டில் தன்பால் ஜோடிகள் சராசரியாகச் சமமாக இருக்கிறார்கள் என்பது நிறைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். அதற்கு ஒரு விலை உண்டு. கணவன்-மனைவிக்கு, அநியாயமோ நியாயமோ, யார் என்ன செய்வது என்று ஊர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. உங்களுக்கு ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பேச மறந்த இடத்தில் சண்டை வரும். பாத்ரூமும் அழுக்காகவே கிடக்கும்.

உங்கள் இரண்டு சண்டைகளுக்கு வருகிறேன். இது நீங்கள் எழுதிய பத்து வரியை வைத்து நான் போடும் கணக்கு, தப்பாகவும் இருக்கலாம். உங்கள் துணைவருக்கு 34 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு போனில் அவர் அம்மா எதைப் பற்றிப் பேசுவார் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை: ஜாதகம் வந்திருக்கிறது, பொண்ணு நல்ல இடம், எனக்கும் வயசாகுது. அவர் “பார்க்கலாம்மா” என்பார். அந்த ‘பார்க்கலாம்மா’ அம்மாவைச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை. அடுத்த அறையில் இருக்கும் உங்கள் காதில் அது வேறு மாதிரி விழும். போனை வைத்ததும் சாம்பாரில் உப்பில்லை என்று ஆரம்பிக்கும். இதுதான் நடக்கிறது என்றால் அவரை நோகாதீர்கள். நேரடியாக அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வீட்டில் நெருக்கடி முற்றினால் கல்யாணத்துக்குத் தலையாட்டிவிடுவாயா, மாட்டாயா? என் அறையில் ஆண் ஜோடிகள் உடைந்த சம்பவங்களில் பாதிக்கு மேல் மூன்றாவது ஆளாலோ பணத்தாலோ இல்லை, ஒரு நிச்சயதார்த்தத்தால். கேட்டால் பதில் கஷ்டமாக வரலாம் என்பதால் வருடக்கணக்கில் கேட்காமலே இருக்கிறார்கள். அப்படித் தலையாட்டியவர் கட்டிக்கொண்டு வந்த பெண்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். மூன்று வருடம் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து டாக்டர் டாக்டராக அலைந்தவர்கள். கணவன்-மனைவிப் பிரச்சினை, தன்பால் ஜோடிப் பிரச்சினை என்று இரண்டாகப் பிரிப்பது நம் ஊரில் எவ்வளவு பொய் என்பதற்கு அந்தப் பெண்கள் சாட்சி.

பணம். உங்கள் துணைவர் வீட்டுக்கு மூத்த மகன், கல்யாணமாகவில்லை, கோவையில் நல்ல சம்பளம். ஊரைப் பொறுத்தவரை அவர் ‘செலவில்லாத ஆள்’. தங்கச்சி வளைகாப்பு, வீட்டுக்கு மேல்மாடி, சித்தப்பா ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் கேட்பார்கள். கல்யாணமான தம்பி “எனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல” என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவார். உங்கள் துணைவரால் அந்த வரியைச் சொல்ல முடியாது. அலுவலகத்தில்கூடத் தீபாவளியன்று டியூட்டி போடும்போது “நீதான் பேச்சிலர் ஆச்சே” என்பார்கள். குடும்பஸ்தன் என்ற சொல் தரும் பாதுகாப்பைக் கணவன்மார்கள் கவனிப்பதே இல்லை. மாதக் கடைசியில் நீங்கள் அவரோடு போடும் சண்டையின் மறுபக்கம் இது இருக்கக்கூடும். வீட்டுக்கு இவ்வளவு, இருவரின் பொதுச் செலவுக்கு இவ்வளவு, அவரவர் கைக்கு இவ்வளவு என்று தேதி ஒன்றாம் நாளே எடுத்து வையுங்கள். இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம், தடை எதுவும் இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் அல்ல. வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டிவரும். உயில் எழுதாமல் கல்யாணமாகாத ஓர் இந்து ஆண் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் அவர் அம்மாவுக்குப் போகும். துணைவர் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு இருவரும் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது. ஆஸ்பத்திரி விஷயத்துக்கு முன்கூட்டிய மருத்துவ உத்தரவு என்று ஒன்று இருக்கிறது. நினைவு தப்பிய நிலையில் என்ன சிகிச்சை வேண்டாம், தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி சான்று போதும் என்றது. இது உயிர் ஊசலாடும் கட்டத்துக்கானது. அவசரத்துக்கு அட்மிஷன் போடும்போது கவுண்டரில் “நீங்க யாரு?” என்ற கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. என்னிடம் வந்த ஒருவர் தன் துணைவர் ஐசியூவில் இருந்தபோது, தாம்பரம் பக்கம் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் வந்து கையெழுத்துப் போடும்வரை ஏழு மணி நேரம் லாபியில் உட்கார்ந்திருந்தார். அந்த அண்ணனை நோயாளி அதற்கு முன் கடைசியாகப் பார்த்தது ஒரு காதுகுத்தில். காகித வேலைகளுக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். நான் வக்கீல் இல்லை, என் அறையில் அடிக்கடி வந்ததைத்தான் சொன்னேன்.

அடி, மிரட்டல் பற்றிச் சுருக்கமாக. அது எல்லா வகை ஜோடிகளிலும் நடக்கிறது. “உங்க வீட்டுக்குச் சொல்லிடுவேன்” என்பது தன்பால் ஜோடிகளில் கூடுதலாகக் கிடைக்கும் ஆயுதம். ஒருமுறை கோபத்தில் சொன்னாலும் அதைச் சண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வன்முறைக் கணக்கு. பிரிவும் வேறு மாதிரி. விவாகரத்தான பெண்ணைப் பார்த்து ஊர் உச்சுக் கொட்டும், அது அவமானம்தான், ஆனாலும் ஏதோ நடந்தது என்றாவது ஊருக்குத் தெரியும். ஒன்பது வருட உறவு முடிந்த ஒருவர் மறுநாள் காலை வேலைக்குப் போனார். ரூம்மேட் காலி செய்துவிட்டார் என்று சொன்னதற்கு, பக்கத்து சீட்காரர் ‘வேற ஆள் பார்த்தாச்சா, வாடகை கட்டுப்படியாகாதே’ என்று கேட்டிருக்கிறார்.

அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டால், பதில் எதுவும் சொல்ல வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் அக்கா மட்டும் வரட்டும். உங்கள் துணைவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போக ஒரு ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அந்தக் கேள்வியில் குத்தல் இருந்திருக்கலாம், பயமும் இருந்திருக்கலாம். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், எனக்குப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

ஆலோசகரிடம் போவதென்றால் போவதற்கு முன் போனில் பேசிப் பாருங்கள். தன்பாலீர்ப்பு நோய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அதையே சொன்னது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதை ‘மாற்றும்’ சிகிச்சை கூடாது என்று உத்தரவிட்டார். தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நாங்கள் இரண்டு ஆண்கள், நாலு வருடமாகச் சேர்ந்திருக்கிறோம், சண்டை வருகிறது, உங்களால் என்ன செய்ய முடியும்?” எதிர்முனையில் “எதுக்காக சண்டை வருது?” என்று கேட்டால் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். “இது எத்தனை வயசுலருந்து இருக்கு?” என்று கேட்டால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.